அவரவர் அளவுக்கு ஒரு பயிற்சி



நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்வு, நாள்பட்ட இளைப்பு இவையெல்லாம் பத்து நாள் மாத்திரையோடு விடைபெறும் வியாதிகள் அல்ல. ஆயுள் முழுதும் கூடவே வருபவை. அவற்றோடு வாழ ஒருவரைப் பழக்குவதும் மருத்துவ ஊழியத்தின் பங்கே. இம்முறை அதைக் குறித்துச் சிந்திப்போம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் தாமே நோயாளியாக இருந்து பயிற்சி பெற்றார். பின்பு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் அவர்களிடம் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். அவர் உழைப்பால் 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. எஞ்சியிருக்கும் பலத்தை அளந்து, அதற்கேற்ற பயிற்சியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கொடுப்பதே அங்கு நடந்த வேலை.

பொட்டிபுரத்திலும் போடி மலையடிவாரத்திலும் நாங்கள் இதைப் பேசினால், "ஐயா, விடியக்காலை ஜீப் ஏறி மலைக்குப் போறோம், பொழுது சாய வாரோம். இதுக்கு மேல என்ன பயிற்சி?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. உணவுமுறை மாற்றத்தோடு தினமும் அரைமணி நேரம் வேகமாக நடந்தவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. ஏற்கெனவே உடலுழைப்பில் இருந்தவர்களிடம் புதிதாக நடக்கச் சொல்லவில்லை. உள்ளதையே தொடரும்படி கூறினார்கள்.

ஆனால் ஏலக்காய் செடியின் அடியில் காய்ப்பது. நாளெல்லாம் குனிந்தும் குந்தியும் பறிக்கும் பெண்ணுக்கு முதுகும் முழங்காலும் தேய்கின்றன. அவருக்கு வேண்டியது இன்னும் நடை அல்ல. தொடைத் தசைக்குப் பலம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, முதலில் ஐந்து முறை, பின்பு எட்டு. அடுத்த வீட்டில் கடையில் உட்கார்ந்தே வியாபாரம் செய்யும் அண்ணாச்சிக்கு நடைதான் மருந்து. வேகத்துக்கு ஓர் எளிய அளவு உண்டு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஞானப்பாட்டுப் பாட முடியக்கூடாது. (பாடகர் குழுவினர் இதை முயன்று பார்த்துவிட்டார்கள்!)

இன்சுலின் போடுகிறவர் வெறும் வயிற்றில் நடக்கக்கூடாது. சட்டைப் பையில் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும். பாதம் மரத்துப்போனவர் வெறுங்காலோடு நடந்தால், முள் தைத்ததும் தெரியாது. புண் அழுகி விரலை எடுக்க வேண்டி வரலாம். அவருக்கு முதலில் எம்.சி.ஆர். செருப்பு, பிறகே நடை. நெஞ்சுவலி உள்ளவர் மருத்துவரைக் கேளாமல் எதையும் தொடங்க வேண்டாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். ஆயினும் ஒரே தடவை சொல்லிக்கொடுத்தால் மூன்றாம் வாரம் பயிற்சி நின்றுபோகும். திரும்பவும் போய், "பெரியம்மா, எத்தனை தடவை எழுந்தீங்க?" என்று கேட்டு, எட்டைப் பத்தாக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் ஜீப் கட்டணத்துக்கும் செருப்புகளுக்கும் உங்கள் காணிக்கையை எதிர்பார்க்கிறோம்.