செய்வித்தலும் வினையே



கொல்லாமை அணுவிரதத்தை அறியாத சமணக் குடும்பம் நம்மிடையே இல்லை. எனினும் அதன் முழு எல்லையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சமந்தபத்திராசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், துணிந்து இயங்குயிரைக் கொல்லுதலைத் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் ஆகிய மூவழியிலும் விலக்குகின்றார். நடுவில் நிற்கும் செய்வித்தலே இப்பாடத்தின் பொருள். வாளேந்தாத கை, வாள் வாங்கப் பொருள் தந்தால் அது எவ்வினையுள் சேரும்?

இவ்வினா நம் நாட்டில் 1940-இல் வெளிப்படையாக எழுந்தது. காந்தியடிகள் தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகத்தில், அவ்வாண்டு அக்டோபர் 17 அன்று வார்தாவை அடுத்த பவுனாரில் வினோபா பாவே முதலாமவராகப் பேசினார். பிரிட்டிஷாரின் போர் முயற்சிக்கு ஆளாலோ பொருளாலோ உதவுதல் தவறு என்பதே சத்தியாக்கிரகிகள் உரைத்த செய்தி. ஆளோடு பொருளையும் சேர்த்தமை நோக்கத்தக்கது. (இதே காந்தியடிகள் 1918-இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்க்க நடந்தவர். அத்தெளிவு அவருக்கும் ஒரே நாளில் வந்ததன்று.)

வரியின் நிலை வேறு. வருமான வரியில் படைக்குரிய பங்கை மட்டும் நிறுத்திவைக்கச் சட்டம் இடந்தருவதில்லை. தற்காப்பின் பொருட்டு நேரும் விரோத இம்சையை இல்லறத்தார்க்கு நம் ஆசாரியர்கள் முற்றும் விலக்கவும் இல்லை. ஆகவே வரி செலுத்துவோரைக் குறைகூற நான் துணியேன். நாமே விரும்பி அளிக்கும் பொருளில்தான் விரதம் சோதிக்கப்படுகின்றது.

ஆயினும் ‘படை’ என்ற சொல்லைக் கேட்டதுமே கையை மடக்குதலும் அறியாமையே. ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், டிசம்பர் 7 கொடிநாளுக்கு நிதி திரட்ட நான் மறுத்தேன். தலைமையாசிரியை கடிந்துகொள்ளவில்லை, அந்நிதி முன்னாள் படைவீரர்க்கும், போரில் மாண்டோரின் மனைவி மக்களுக்கும் செல்வது என்று மட்டும் கூறினார். நாணினேன். அது ஆயுதத்திற்கு அன்று, கருணாதானம். மறு ஆண்டு உண்டியலை நானே ஏந்தினேன்.

அண்மையில், ஆரணியில் பட்டு வாணிகம் செய்யும் என் தமையனார் மகன், என் சேமிப்பைப் பாதுகாப்புத் தளவாட நிறுவனங்களின் பங்குகளை வாங்கும் பரஸ்பர நிதியில் இடுமாறு கூறினான். இத்தகைய திட்டம் நம் நாட்டில் 2023-இல் வந்தது. இதில் உடன்படுதலும் கலந்துள்ளது. ஆயுதம் மிகுதியாக விற்க வேண்டுமென்று மனம் விரும்பத் தொடங்கிவிடும். ஆயுதம் அளிக்கும் இம்சாதானத்தை அனர்த்த தண்டத்துள் வைத்தனர் முன்னோர். வேண்டா என்றேன்.

அவன் சிரித்து, “அத்தை, கூட்டுப்புழுவோடு வேகவைத்து எடுத்த நூலைத்தானே நாம் விற்கிறோம்?” என்றான். உத்தியோக இம்சை என்று விடை கூற வாயெடுத்தேன். உழவுக்குச் சொல்லும் அவ்விடை பட்டுக்கூட்டுக்குப் பொருந்துமா என்ற ஐயத்தால் நிறுத்திக்கொண்டேன். சேமிப்பு அஞ்சலகத்திலேயே இருக்கின்றது. அவன் கேட்டதற்கு இன்னும் விடை கூறவில்லை.