வானில் ஒரு வேலை

நுழையும்முன்

வானூர்தி செலுத்தும் பணி இளையோர் பலரின் கனவு. சீருடையின் மிடுக்கும் உயர்ந்த ஊதியமும் எல்லார் கண்ணிலும் படுகின்றன. உறங்காத இரவுகளும், பெற்றோர் வாங்கிய கடனும், நொடிப்பொழுதில் எடுக்க வேண்டிய முடிவுகளும் எளிதில் கண்ணில் படுவதில்லை. அவற்றைப் பற்றியும் அறிந்துகொள்ள இக்கட்டுரை துணைசெய்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை இரயிலை உற்றுநோக்கியவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். எஞ்சின் முன்னால் இராது. பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். எனவே எஞ்சினைச் செலுத்துபவருக்கு எதிரேயுள்ள பாதை தெரியாது. முதற்பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்மேன் காட்டும் கொடிதான் அவருக்குக் கண். அடுத்தடுத்த பெட்டிகளிலும் பிரேக்மேன்கள் நிற்பர். 1899ஆம் ஆண்டு இப்பாதையில் இரயில் ஓடத் தொடங்கிய காலந்தொட்டு, ஒருவர் கண்ணை இன்னொருவர் நம்பியே மலையேற்றம் நடைபெறுகிறது.

இம்மலைத்தொடருக்குத் தெற்கே, சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோயம்புத்தூர் பீளமேடு விமான நிலையத்தில் வந்திறங்கும் வானூர்திகளுக்கும் இது பொருந்தும். பயணியர் வானூர்தியை ஒருவர் தனித்துச் செலுத்துவதில்லை. இடப்புற இருக்கையில் தலைமை விமானி, வலப்புறம் துணை விமானி. ஒருவர் செலுத்த, மற்றவர் கண்காணிப்பார். வானொலியில் கட்டுப்பாட்டு நிலையத்துடன் பேசுவதும், பட்டியலைப் படித்து ஒவ்வொன்றையும் சரிபார்ப்பதும் கண்காணிப்பவர் பணி. அடுத்த பயணத்தில் இருவரும் பணியை மாற்றிக்கொள்வதும் உண்டு. தரையிலிருந்து பத்தாயிரம் அடி உயரம் வரை அவர்கள் பணி தொடர்பற்ற ஒரு சொல்லும் பேசக்கூடாது என்பது விதி. செலுத்துபவர் தவறினால், 'இறங்காதீர், மீண்டும் மேலே எழுப்புங்கள்' என்று சொல்லும் கடமை கண்காணிப்பவருக்கு உண்டு. வயதிலும் அனுபவத்திலும் மூத்தவரிடம் அச்சொல்லை அழுத்தமாகச் சொல்வதற்கும், சொன்னதை மூத்தவர் ஏற்பதற்கும் தனிப்பயிற்சியே தரப்படுகிறது. பெரியோர் சொல்லை மறுத்துப் பேசாது வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது எளிதான பாடமன்று.

தேர் செலுத்துபவனை வலவன் என்று சங்கப் புலவர் அழைத்தனர். வலவன் இல்லாமலே இயங்கும் வானூர்தி ஒன்றைப் புறநானூறு கற்பனை செய்திருக்கிறது. இன்று தானியங்கிக் கருவி வானூர்தியை நெடுநேரம் செலுத்துவதைக் கண்டு, 'விமானிக்கு வேலையே இல்லை' என்று கருதுவோர் உளர். கருவி கட்டளையை நிறைவேற்றும். எந்தக் கட்டளை சரி என்று தேர்வது மனிதரின் பொறுப்பு. எரிபொருளையே எடுத்துக்கொள்வோம். சேரும் ஊர்வரை செல்லத் தேவையான அளவு, அங்கே இறங்க இயலாவிடில் மாற்று நிலையம் செல்லத் தேவையான அளவு, அதற்கும் மேல் அரைமணி நேரம் வானில் சுற்றுவதற்கான இருப்பு ஆகியவை கட்டாயம். இவற்றுக்கு மேல் எவ்வளவு ஏற்றலாம் என்பதில்தான் சிக்கல். கூடுதலாக ஏற்றினால் எடை மிகும். அந்த எடையைச் சுமக்கவே எரிபொருள் வீணாகும். குறைத்து ஏற்றினால், தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே சீறிவரும் ஆடி மாதத்திலோ, மேகம் கவிந்த ஐப்பசியிலோ, காத்திருந்து இறங்கும் வாய்ப்புக் குறையும். சிக்கனத்தை நிறுவனம் விரும்பும். தாமதமின்றி வீடு சேர்வதைப் பயணியர் விரும்புவர். கையெழுத்திடுபவர் தலைமை விமானி.

விமானி தம் புலன்களையே நம்பக்கூடாத நேரங்களும் உண்டு. மேகத்துக்குள் நுழைந்ததும் அடிவானம் மறைந்துவிடும். அப்போது காதின் உட்புறத்தில் உள்ள சமநிலை உறுப்பு பொய் சொல்லத் தொடங்கும். சாய்ந்து செல்லும் ஊர்தி நேராகச் செல்வதுபோல் தோன்றும். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிச் சென்ற இராணுவ ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேரை நாடு இழந்தது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராது மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததையும், அதனால் விமானிக்கு ஏற்பட்ட திசைமயக்கத்தையும் விசாரணைக் குழு காரணமாகக் கூறியது. பயணியர் வானூர்திகள் இவ்வாறு பள்ளத்தாக்கினுள் தாழப் பறப்பதில்லை. எனினும் உடல் உணர்வதை ஒதுக்கிவிட்டுக் கருவி காட்டுவதை நம்பும் பயிற்சியை ஒவ்வொரு விமானியும் மீண்டும் மீண்டும் பெற்றாக வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை பாவனைக் கருவியில் அமர்ந்து, எஞ்சின் நின்றுபோதல், தீப்பற்றுதல் போன்ற இடர்களைக் கையாண்டு காட்டித் தேறுவர். தேறாதவர் பறக்க இயலாது. பணியில் சேர்ந்த பின்னும் ஓய்வுபெறும் வரை தேர்வு எழுதிக்கொண்டேயிருக்கும் தொழில்கள் மிகச் சில.

இப்பணியின் கடுமையான பகை உறக்கமின்மை. மேட்டுப்பாளையம் மண்டிகளிலிருந்து உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாகப் புறப்படும் லாரி ஓட்டுநர்களைக் கேட்டால், விடியலுக்கு முந்தைய ஓரிரு மணி நேரமே பொல்லாதது என்பார்கள். அறிவியலும் அதையே சொல்கிறது: இரவு இரண்டு மணி முதல் காலை ஆறு மணி வரை மனித உடலின் விழிப்பு மிகத் தாழ்ந்திருக்கும். லாரி ஓட்டுநர் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, முகம் கழுவி, ஒரு தேநீர் அருந்தலாம். வானில் நிறுத்துமிடம் இல்லை.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூருவுக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் வானூர்தி, காலை ஆறு மணியளவில் தரையிறங்கும்போது ஓடுதளத்தைக் கடந்து பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தனர். விமானி அறை ஒலிப்பதிவை ஆராய்ந்தபோது, தலைமை விமானி பயணத்தின் பெரும்பகுதி நேரம் உறங்கியிருந்தது தெரியவந்தது. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுந்தவரின் அறிவு சிறிது நேரம் மந்தமாகவே இயங்கும். வானூர்தி தேவையான உயரத்தைவிட மிக மேலே இருந்தது, துணை விமானி மூன்று முறை 'மேலே எழுப்புங்கள்' என்றார், கருவியும் எச்சரித்தது. ஆயினும் இறக்கமே தொடர்ந்தது. ஓடுதளத்தின் பாதிக்கும் மேற்பட்ட நீளத்தைக் கடந்த பிறகே சக்கரங்கள் தரையைத் தொட்டன.

பத்தாண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்டு 7 அன்று, கோழிக்கோட்டில் அதே போன்ற மேட்டுநில ஓடுதளத்தில், கொட்டும் மழையில் இன்னொரு வானூர்தி விபத்துக்குள்ளானது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் உயிரிழந்தனர். நிலையான முறையில் அமையாத இறக்கத்தைத் தொடர்ந்ததும், தொடவேண்டிய இடத்தைத் தாண்டித் தரையைத் தொட்டதும் விபத்துக்குக் காரணம் என்றது விசாரணை அறிக்கை. அது வேறொன்றையும் சுட்டிக்காட்டியது. மறுநாள் காலை அதே தலைமை விமானி வேறொரு பயணத்தைச் செலுத்த வேண்டியிருந்தது. அந்த ஊரில் தலைமை விமானிகள் போதிய எண்ணிக்கையில் இல்லை. வேறு நிலையத்திற்குத் திருப்பிச் சென்றால் மறுநாள் பயணம் கெடும். எப்படியேனும் அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்னும் உந்துதலுக்கு அது இடம் தந்தது. விமானியின் பிழை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. பணி அட்டவணை எழுதப்படும் அறையிலும் ஒரு பிழை தொடங்கக்கூடும் என்பதை இவ்வறிக்கையைப் படிப்போர் உணர்வர்.

இதனால்தான் பணிநேர விதிகள் உயிர்காக்கும் விதிகளாகின்றன. இந்தியாவில் ஒரு விமானி ஏழு நாள்களில் 35 மணி நேரத்திற்கும், ஓர் ஆண்டில் 1000 மணி நேரத்திற்கும் மேல் பறக்கக்கூடாது. 'வாரம் 35 மணி நேரந்தானா?' என்று வியக்க வேண்டா. இது வானில் இருக்கும் நேரம் மட்டுமே. முன்கூட்டியே வந்து ஆயத்தமாவதும், இரு பயணங்களுக்கு இடையே காத்திருப்பதும் வேறு கணக்கு. டி.ஜி.சி.ஏ. எனச் சுருக்கி வழங்கப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024இல் இவ்விதிகளைத் திருத்தியது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்தது; ஒரு விமானி மேற்கொள்ளத்தக்க இரவுநேரத் தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தன. கூடுதல் விமானிகள் தேவைப்படும் என்று நிறுவனங்கள் தயங்கின. வழக்கு டெல்லி உயர்நீதிமன்றம் வரை சென்று, 2025 ஜூலை, நவம்பர் மாதங்களில் இரு கட்டங்களாக விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதற்குரிய விமானிகளைத் திரட்டி வைக்காமையால், 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ நிறுவனம் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்களை இரத்துசெய்ய நேர்ந்தது. விமான நிலையங்களில் மக்கள் தவித்தனர். நெருக்கடியைத் தணிக்க, இரவுப் பணி விதிகள் சிலவற்றிலிருந்து அந்நிறுவனத்திற்குத் தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது. அன்று நிலையத்தில் தவித்த பயணியின் துயரம் உண்மையானது. விலக்குப் பெற்ற அட்டவணையில் நள்ளிரவில் எழுந்த விமானியின் களைப்பும் உண்மையானது.

உடலுக்கும் இத்தொழில் தன் விலையை வைத்திருக்கிறது. வானூர்தி 11 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தாலும், உள்ளிருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயர மலையில் நிலவும் அளவுக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். உதகமண்டலத்தின் உயரம் ஏறக்குறைய 2,240 மீட்டர். அதாவது, விமானி தம் வேலைநாள்களை உதகையைவிடச் சற்று மெல்லிய காற்றில், அதனினும் மிக வறண்ட காற்றில் கழிக்கிறார். ஆண்டுதோறும் மருத்துவச் சோதனை உண்டு. அறுபது வயதுக்குப் பின் ஆறு மாதத்திற்கு ஒருமுறை. சோதனையில் தகுதி இழந்தால் பறக்க முடியாது. பறக்காவிட்டால் ஊதியத்தின் பெரும்பகுதி இல்லை. எனவே உடல்நோயையோ மனச்சோர்வையோ வெளிப்படையாகச் சொல்ல விமானிகள் தயங்குகின்றனர். சொல்பவரைத் தண்டிக்காத முறையை வளர்ப்பது உலகெங்கும் இன்னும் முடியாத வேலையாகவே இருக்கிறது.

குடும்பத்தில் ஏற்படும் இழப்பு வேறுவகை. பொங்கலும் தீபாவளியும் மற்றவர்கள் ஊருக்குச் செல்லும் நாள்கள். ஆகையால் விமானிக்கு அவை வேலைநாள்கள். கொங்கு நாட்டில் திருவிழாவை 'நோம்பி' என்பர். ஊர் நோம்பிக்கும், உடன்பிறந்தாள் பிள்ளையின் காதுகுத்துக்கும் வர இயலாத மகனைப் பற்றி, 'வானத்துல போறவன்' என்று பெருமையும் குறையும் கலந்து பேசும் வீடுகள் உண்டு. இன்னொருபுறம், வேலை முடிந்து வானூர்தியை விட்டு இறங்கிய பின் கோப்புகளை வீட்டுக்குச் சுமந்து வரும் தொல்லை இல்லை. அதிகாலைப் பணியானால் பிற்பகலில் பிள்ளைகளோடு இருக்கலாம். இந்திய விமானிகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர் பெண்கள். உலகச் சராசரியைப்போல் இது ஏறக்குறைய மூன்று மடங்கு. இரவுப் பயணத்தில் வீட்டிலிருந்து அழைத்துச் சென்று மீண்டும் கொண்டுவந்து விடும் வண்டி ஏற்பாடும், குடும்பத்து முதியோரின் துணையும் இதற்கு உதவியதாகக் கூறுவர்.

பதினொன்றாம் வகுப்பில் நீங்கள் தேர்ந்த பாடப்பிரிவு இங்கே பொருட்படுத்தத்தக்கது. வணிக விமானி உரிமத்திற்கு மேல்நிலைக் கல்வியில் இயற்பியலும் கணிதமும் வேண்டும்; 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்; 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்; வானிலையியல், வழியறிதல், விமானச் சட்டம் முதலிய தேர்வுகளில் தேற வேண்டும். அதன்பின் குறிப்பிட்ட வகை வானூர்தியைச் செலுத்தத் தனிப்பயிற்சி பெற வேண்டும். எல்லாம் சேர்ந்து அரைக் கோடி ரூபாயைக் கடந்துவிடும். உத்தரப்பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் உள்ள இந்திராகாந்தி தேசிய வானூர்திப் பயிற்சி நிறுவனம் போன்ற அரசு நிறுவனத்திலும் கட்டணம் பெரிதே. பவானிக் கரையில் பாக்குத்தோப்பு வைத்திருக்கும் ஒரு குடும்பம் அத்தோப்பை அடகுவைத்தால் மட்டுமே திரட்டக்கூடிய தொகை அது. உரிமம் கையில் கிடைத்தவுடன் வேலை கிடைத்துவிடும் என்பதற்கும் உறுதியில்லை. கிங்ஃபிஷர் 2012இலும், ஜெட் ஏர்வேஸ் 2019இலும், கோ ஃபர்ஸ்ட் 2023இலும் பறப்பதை நிறுத்தின. கொரோனா காலத்தில் 2020 மார்ச்சு 25 முதல் இரண்டு மாதங்கள் உள்நாட்டுப் பயணமே நின்றது. ஒவ்வொரு முறையும் அனுபவம் மிக்கவர்களே வேலை தேடி வரிசையில் நின்றனர். புதியவர்கள் அவர்களுக்குப் பின்னால் நின்றனர்.

இத்துறையை நாடுவோர் பலர் வரிசையை மாற்றிச் செய்கின்றனர்: முதலில் பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டுகின்றனர், பிறகு மருத்துவச் சோதனைக்குச் செல்கின்றனர். நிறக்குருடோ இதயத்தில் அறியாதிருந்த குறையோ அப்போதுதான் வெளிப்படுகிறது. டி.ஜி.சி.ஏ. ஏற்பளித்த மருத்துவரிடம் இரண்டாம் நிலைச் சோதனையையும், அதனையடுத்து முதல் நிலைச் சோதனையையும் பணம் கட்டும் முன்பே செய்துகொள்ளலாம். பார்வைக்குறை கண்ணாடியால் சரியாகுமாயின் அது தடையன்று.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் இரவுப்பணி புரியும் ஒருவரிடம் (லாரி ஓட்டுநர், செவிலியர், ஆலைத் தொழிலாளர்) உரையாடி, உறக்கமின்மையை அவர் எவ்வாறு எதிர்கொள்கிறார் என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. 'பணிநேர விதிகளைக் கடுமையாக்கினால் பயணக் கட்டணம் உயரும்' என்னும் கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. மங்களூரு விபத்தில் துணை விமானியின் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? காரணத்துடன் விளக்குக.