‘அம்மா இல்லை எண்டு சொல்லு’: கள்ளமில்லாமல் வாழ அக்காவின் 8 யோசனைகள்

ஒரு புதன்கிழமை காலமை. படலைக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டது. வாரக்கடன் காசு எடுக்க வருகிற தம்பி. அன்றைக்கு என் கையில் கட்டுக்காசு இல்லை. குசினிக்குள் நின்றபடியே ஆறு வயது மகளிடம், “அம்மா இல்லை எண்டு சொல்லு” என்றேன். அவள் ஓடிப்போய்ச் சொன்னாள். மோட்டார் சைக்கிள் போனது. திரும்பி வந்தவள் என்னைப் பார்த்து, “ஞாயிறு பள்ளியில பொய் சொல்லக் கூடாது எண்டு நீங்கள்தானே அம்மா படிப்பிச்சனீங்கள்?” என்று கேட்டாள்.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன். 2009 ஜனவரியில் போருக்குத் தப்பி முரசுமோட்டையை விட்டு, பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் தருமபுரம், விசுவமடு என்று கிழக்கே நகர்ந்த சனத்தில் நானும் ஒருத்தி. அந்த நாட்களில் பிள்ளைகளை ஒளித்து வைத்தோம். எங்கே என்று கேட்டவர்களிடம் தெரியாது என்றோம். பிறகு முகாமில் ஒரு பைக்கற் மாவுக்காகத் தலைக்கணக்கைக் கூட்டிச் சொன்னவர்களும் எங்களுக்குள் இருந்தார்கள். பிறக்கிற ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன எகிப்து ராஜாவிடம் எபிரெய மருத்துவச்சிகள் உண்மையை மறைத்தார்கள். தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்றுதான் வேதாகமம் சொல்கிறது. உயிரைக் காக்க வாய் மூடிய தாய்மாரை நான் ஒருநாளும் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனால் உயிர் தப்புவதற்காகக் கற்றுக்கொண்ட பொய், நாங்கள் உயிர் தப்பி ஊர் திரும்பி, கல்வீடு கட்டி, வயல் விதைத்து இத்தனை வருசமான பிறகும் எங்களோடேயே குடியிருக்கிறது. அதை அனுப்பிவிட வேண்டும். நான் விழுந்தும் எழும்பியும் படித்த சிலவற்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

1. பிள்ளையின் வாயால் பொய் சொல்லுவிக்காதேயுங்கோ

கடன்காரர் வந்தால் “இல்லை” என்று சொல்ல வைப்பது, பஸ்ஸில் அரை ரிக்கற்றுக்காக வயதைக் குறைத்துச் சொல்லச் சொல்வது, ரீச்சருக்குக் “காய்ச்சல்” என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கலியாண வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது: இவை எல்லாம் பிள்ளைக்கு நாங்கள் நடத்துகிற பாடங்கள். ஞாயிறு பள்ளியில் ஒரு மணித்தியாலம் சொல்லிக் கொடுப்பதை வீட்டில் ஒரு நிமிசத்தில் அழித்துவிடுகிறோம். கடிதத்தில் “குடும்ப நிகழ்வு” என்று எழுதுங்கோ. அதற்காக ரீச்சர் ஏசினால் அந்த ஏச்சை நாங்கள் வாங்கிக்கொள்வோம். பிள்ளை உண்மை சொல்லி ஒரு பிழையை ஒப்புக்கொண்டால், முதலில் “சொன்னது நல்லது” என்று சொல்லிவிட்டுப் பிறகு பிழையைப் பற்றிக் கதையுங்கோ. உண்மை சொன்னதற்கே அடி விழுந்தால் அடுத்த முறை அது பொய்தான் சொல்லும்.

2. எடுக்கவும் கொடுக்கவும் ஒரே சுண்டு

எங்கள் அம்மா பக்கத்து வீட்டுக்கு அரிசி கைமாற்றாகக் கொடுத்தாலும், அங்கேயிருந்து வாங்கினாலும், ஒரே சுண்டால்தான் அளப்பா. திருப்பிக் கொடுக்கும்போது குவித்து அளப்பா. கள்ளத் தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகளில் வருகிறதை அம்மா பிரசங்கமாகச் சொன்னதில்லை. அந்தச் சுண்டில்தான் நான் அதைப் படித்தேன்.

எங்கள் ஊருக்கு இது வெறும் கதையில்லை. நெல்லை நம்பி வாழ்கிற இடம். காலபோக அறுவடை முடிந்ததும் வாசலில் லொறி வந்து நிற்கும். மூடைக்கு 2 கிலோ தராசில் மறைந்தால், 40 மூடைக்கு 80 கிலோ. ஒரு மூடைக்கும் மேலே போய்விட்டது. எனவே விற்கும் முன் வீட்டில் ஒரு மூடையை நிறுத்துப் பார்த்துக் குறித்து வையுங்கோ. அதே மூடையை வியாபாரியின் தராசில் முதல் ஏற்றுங்கோ. வியாபாரத் தராசுக்கு அரசாங்கத்தின் அளவீட்டுத் திணைக்கள முத்திரை இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. சாக்குக்கும் கழிவுக்கும் எவ்வளவு கழிப்பது என்பதை மூடை ஏற்ற முன்பே பேசி முடியுங்கோ.

அதே கண் எங்கள் மூடையிலும் இருக்க வேண்டும். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதனுக்குள் காய்ந்த நெல்லைத்தான் கேட்கிறது. ஈர நெல்லை நடுவில் போட்டு மேலே காய்ந்ததைப் பரப்பினால், வியாபாரியின் தராசைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் இல்லை. பாலில் தண்ணீரும் அப்படித்தான். நேற்று மருந்தடித்த கத்தரிக்காயை இன்றைக்குச் சந்தைக்குக் கொடுப்பதும் அப்படித்தான். எங்கள் பிள்ளைக்குக் கறி வைக்க அந்தப் பாத்தியில் பிடுங்குவோமா என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கோ. மருந்துப் போத்தலில் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று போட்டிருக்கும். அத்தனை நாள் பொறுங்கோ.

3. தண்ணீரைக் களவெடுக்காதேயுங்கோ

சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ அதைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். அந்தக் கணக்குக்கு மேலே ஒளித்து விதைக்கிற ஒவ்வொரு ஏக்கரும், வாய்க்காலின் கடைசியில் இருக்கிற ஒருவரின் கதிரைக் கருக வைக்கிறது. இரவில் மதகைத் திறந்துவிட்டுக் காலையில் கோயிலில் முன்வரிசையில் நின்று பாட முடியாது. உங்கள் முறை எப்போது, எத்தனை மணித்தியாலம் என்பதைக் கமக்கார அமைப்பில் கேட்டுக் கலண்டரில் எழுதி வையுங்கோ. முறை முடிந்தால் நீங்களே போய் அடையுங்கோ. கடைசி வயல்காரரிடம் “தண்ணி வந்ததா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கோ.

4. படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ

2018 டிசெம்பர் வெள்ளம் எங்களில் யாருக்கும் மறக்காது. வெள்ளம் வடிந்ததும் நிவாரணப் பதிவு தொடங்கியது. வீட்டுக்குள் தண்ணீர் வராதவர்களும் பெயர் கொடுத்த கதைகள் ஊரில் உண்டு. 2023இல் அரசாங்கத்தின் அஸ்வெசும உதவித்திட்டம் வந்தபோதும், இருக்கிறதை மறைத்துச் சொன்னால்தான் கிடைக்கும் என்று ஒரு கதை பரவியது. “எல்லாரும் செய்யினம்தானே” என்பார்கள். பட்டியலில் இடம் அளவாகத்தான் இருக்கிறது. நாங்கள் பொய் சொல்லிப் பிடிக்கிற இடம் ஒரு விதவையின் இடமாக இருக்கலாம், கால் இழந்த ஒரு ஆளின் இடமாகவும் இருக்கலாம்.

அதே நேரம், உண்மை எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கவும் வேண்டாம். உரிமை இருந்தும் பெயர் விடுபட்டால் யாருடைய கையையும் நனைக்காமல் கேட்க வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பிரதேச செயலகத்தில் இருக்கிற தகவல் அதிகாரியிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். “இந்தத் தெரிவு எந்த அடிப்படையில் நடந்தது? என் விண்ணப்பத்துக்கு என்ன முடிவு?” என்று இரண்டு கேள்வி போதும். உங்கள் கடிதம் கிடைத்ததற்கு ஒப்பம் வாங்குங்கோ. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டாலும் அதை எழுத்தில் பதிய உதவ வேண்டியது அதிகாரியின் கடமை. யாராவது இலஞ்சம் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. கேட்பது மாத்திரமில்லை, கொடுப்பதும் குற்றம் என்பதை நினைவில் வைத்திருங்கோ.

5. கடனை வெளிச்சத்தில் வையுங்கோ

கடன் பாவமில்லை. கடனை ஒளிக்கத் தொடங்கும்போதுதான் பொய் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகிறது. வாரக்கடன் எத்தனை பெண்களை நெரித்தது என்றால், 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க நகை அடகு, அது கணவனுக்குத் தெரியாது. இப்படித்தான் வீடு உடைகிறது.

ஒரு கொப்பி எடுங்கோ. யாருக்கு, எவ்வளவு, வட்டி எத்தனை, எப்போது முடியும் என்று நாலு நிரல் போடுங்கோ. வீட்டுக்காரரோடு இருந்து வாசியுங்கோ. அழுகை வரும், சண்டையும் வரும், இருந்தும் வாசியுங்கோ. புதுக்கடனுக்கு ஒப்பம் வைக்க முன், மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற ஒற்றைத் தொகையைக் கேட்டு எழுதுங்கோ. கட்ட முடியாத கிழமை வந்தால், தவணை நாளுக்கு முன்னமே நீங்களாகப் போய்ச் சொல்லுங்கோ. ஒளித்திருப்பவரை விட, முன்னால் வந்து நிற்பவரோடு தவணை பேசுவது எவருக்கும் சுலபம்.

6. புறா மாதிரி மட்டும் போதாது

பாம்பின் விவேகமும் புறாவின் கபடமின்மையும் சேர்ந்தே இருக்கட்டும் என்றுதான் ஆண்டவர் தம்முடைய சீஷரை ஓநாய்களுக்குள் அனுப்பினார். நேர்மையாக இருக்கிற நாங்கள் மற்றவர்களும் எங்களைப் போல என்று நினைத்து ஏமாறுகிறோம். ஏமாறுவது புண்ணியமில்லை. எங்களிடம் எடுத்த காசால் கள்ளன் அடுத்த வீட்டை ஏமாற்றுகிறான்.

“கனடாவுக்கு ஆள் எடுக்கிறம், கடவுச்சீட்டும் முற்பணமும் தாங்கோ” என்று வருகிற ஏஜென்சிக்காரனிடம் அனுமதிப்பத்திர இலக்கம் கேளுங்கோ. அதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் விசாரியுங்கோ. “நீங்கள் இரண்டு பேரைச் சேர்த்தால் காசு வரும், அவை நாலு பேரைச் சேர்த்தால் இன்னும் வரும்” என்பது பிரமிட் திட்டம். வங்கிச் சட்டப்படி இலங்கையில் தடை செய்யப்பட்டது. அதைக் கொண்டு வருகிறவர் கோயில் ஆளாகவோ சொந்த மச்சாளாகவோ இருந்தாலும் அது அதுதான். பரிசு விழுந்திருக்கிறது என்று போன் வந்தால் அழைப்பைத் துண்டியுங்கோ. போனுக்கு வருகிற இரகசிய இலக்கத்தை ஒருவருக்கும் சொல்லாதேயுங்கோ. ஜெபத்தின் பெயரால் “இன்றைக்கே முடிவெடுங்கோ” என்று காசு கேட்பவரிடமும் ஒரு கிழமை தவணை கேளுங்கோ. உண்மையான காரியம் ஒரு கிழமை பொறுக்கும்.

7. ‘நாளைக்கு’ என்ற சொல்லைக் குறையுங்கோ

நான் சட்டை தைக்கிறவள். “வெள்ளிக்கிழமை தாறன்” என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை “கரண்ட் இல்லை” என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று இருக்கச் சொன்னார் ஆண்டவர். இப்போது கொப்பியில் இருக்கிற ஓடர்களை எண்ணி, முடியக்கூடிய நாளோடு இரண்டு நாள் கூட்டிச் சொல்கிறேன். சில பேர் வேறு இடத்துக்குப் போனார்கள். அது என் நட்டம். மற்றவர்கள் சொன்ன நாளில் வருகிறார்கள், சட்டையோடு போகிறார்கள். “உங்களுக்காக ஜெபிக்கிறன்” என்று சொன்னாலும் அந்த இடத்திலேயே கண்ணை மூடி ஒரு நிமிசம் ஜெபித்துவிடுங்கோ. சொல்லிவிட்டு மறப்பதும் ஒரு பொய்தான்.

8. விழுந்தால் நேரே போய் நிமிர்த்துங்கோ

சகேயு வரி வசூலித்தவன், பணக்காரன். இயேசு அவன் வீட்டுக்கு வந்தபோது அவன் “இனிமேல் செய்ய மாட்டேன்” என்று மட்டும் சொல்லவில்லை. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றி எடுத்தவர்களுக்கு நாலு மடங்கும் கொடுப்பதாகச் சொன்னான். கணக்கோடு மனந்திரும்பினான். நாங்கள் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஏமாந்த ஆளுக்கு முன்னால் போய் நிற்கப் பயப்படுகிறோம். கூடுதலாக வந்த மிச்சக்காசைத் திருப்பிக் கொடுங்கோ. வேலி எல்லையைத் தள்ளிப் போட்டிருந்தால் தூணைப் பிடுங்கி உரிய இடத்தில் நடுங்கோ. முழுவதும் ஒரே நாளில் கொடுக்க இயலாவிட்டால் தவணையாகக் கொடுங்கோ. தனியே போகக் கால் வராவிட்டால், நம்பிக்கையான ஒரு சகோதரியைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

நான் போக வேண்டிய இடம் என் வீட்டுப் படலைதான். அடுத்த புதன்கிழமை மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் மகளையும் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். கட்டுக்காசில் பாதிதான் இருந்தது. “தம்பி, போன கிழமை நான் வீட்டிலதான் நிண்டனான். பிள்ளையைக் கொண்டு பொய் சொல்லுவிச்சது நான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இண்டைக்குப் பாதிதான் இருக்கு, மிச்சம் நெல்லு வித்தாப்பிறகு” என்றேன். குரல் நடுங்கியது. அந்தத் தம்பி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஹெல்மெற்றைக் கழற்றிவிட்டு, “தண்ணி கொஞ்சம் தாறியளோ அக்கா” என்று கேட்டான்.

நான் அசைய முதலே மகள் ஓடிப்போய்ப் படலையைத் திறந்துவிட்டாள்.