மைத்துனருக்கு ஜாமீன் போடலாமா?

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் குடியிருக்கிறோம். என் மனைவியின் தம்பி எங்கள் கவுன்ட்டியில் கான்ஸ்டபிள் தேர்தலில் ஜெயித்திருக்கிறார். ஜனவரி 1-ஆம் தேதி பதவிக்காலம் தொடங்குகிறது. அதற்குள் பாண்டு (ஜாமீன் பத்திரம்) கொடுக்க வேண்டுமாம். "ரெண்டு பேர் ஜாமீன் போட்டா போதும் அத்தான், வெறும் சம்பிரதாயம்தான்" என்கிறார். கையெழுத்துப் போட்டால் என் வீட்டுக்கு வில்லங்கம் வருமா?

பதில்: சம்பிரதாயம் என்று சொல்லித்தான் கடன் பத்திரத்திலும் கையெழுத்து வாங்குகிறார்கள். ஆனால் மைத்துனர் சொன்ன சட்டம் சரி. டெக்சாஸ் உள்ளாட்சிச் சட்டத் தொகுப்பின் 86.002-ஆம் பிரிவுப்படி, பாண்டு கொடுக்காமல் கான்ஸ்டபிள் வேலையைத் தொடங்கக் கூடாது. தகுதியான இருவர் ஜாமீன் போடலாம். அல்லது உரிமம் பெற்ற ஜாமீன் நிறுவனத்திடம் வாங்கலாம். தொகையை முடிவு செய்வது கமிஷனர்ஸ் கோர்ட். பெயரில்தான் கோர்ட், உண்மையில் அது கவுன்ட்டியின் ஆட்சிமன்றம். குறைந்தது 500 டாலர், அதிகபட்சம் 1,500. துப்பாக்கியும் பேட்ஜும் தரும் பதவிக்கு இது சொற்பம் என்பது என் அபிப்பிராயம். ஷெரிஃபுக்கு 5,000 முதல் 30,000 வரை. கவுன்ட்டி பணத்தைக் கையில் வைத்திருக்கும் பொருளாளருக்கு ஐந்து லட்சம் டாலர் வரைகூடப் போகலாம். அங்கே சொந்தக்காரர் கையெழுத்து செல்லாது, நிறுவன ஜாமீன்தான்.

இனி உங்கள் பயம். பாண்டு மைத்துனரைக் காப்பாற்றும் காப்பீடு அல்ல. அவரால் பாதிக்கப்படுபவருக்கான பாதுகாப்பு. கோர்ட் உத்தரவுகளை நிறைவேற்றுவதும் கான்ஸ்டபிளின் வேலைதான். ஒரு கடனாளியின் லாரியை ஜப்தி செய்யக் கோர்ட் உத்தரவு வருகிறது என்று வையுங்கள். மைத்துனர் போகிறார், அதே முற்றத்தில் நிற்கும் கடனாளியின் அண்ணன் லாரியை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். அண்ணன் வழக்குப் போட்டால் கான்ஸ்டபிளோடு சேர்த்து ஜாமீன்தாரரையும் எதிர்வாதியாக்கலாம். மைத்துனர் நல்லவரா என்பது அங்கே கேள்வியே அல்ல.

ஆனாலும் பாண்டில் எழுதிய தொகைதான் பொதுவாக உங்கள் பொறுப்பின் எல்லை. நீங்கள் குடியிருக்கும் வீட்டை இந்த மாதிரிக் கடனுக்காக ஏலம் விட டெக்சாஸ் அரசியல் சாசனமே தடை போட்டிருக்கிறது. வங்கிக் கணக்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கொடுத்ததை மைத்துனரிடம் திருப்பிக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. தீபாவளிக்கு வந்தவரிடம் எப்படிக் கேட்பீர்கள் என்பது உங்கள் பாடு. பாதியில் விலகவும் வழி உண்டு, கமிஷனர்ஸ் கோர்ட்டில் மனுக் கொடுக்க வேண்டும். அதுவரை நடந்தவற்றின் பொறுப்பு உங்களை விடாது.

என்னைக் கேட்டால் போடாதீர்கள். இவ்வளவு சிறிய தொகைக்கு நிறுவனம் கேட்கும் பிரீமியம் பாரமாக இருக்காது. அவரை இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். காலத்துக்குள் பாண்டு கொடுக்காத கவுன்ட்டி அதிகாரியைப் பதவிநீக்கம் செய்ய 87.014-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. ஓட்டு வாங்கி ஜெயித்ததெல்லாம் அங்கே எடுபடாது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நிறுவனம் நஷ்டப்பட்டால் அந்தப் பணத்தை ஈடுகட்டுவதாக விண்ணப்பத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளும். அந்த இடத்தில் உங்கள் பெயரோ உங்கள் மனைவி பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நேராகப் போட மறுத்த அதே ஜாமீன்தான் அது.