முற்றும் முற்றுப்புள்ளியும்

ஆங்கிலம் எழுதப் புகும் மாணாக்கராகிய நாம் சொல்வளத்தைப் பெரிதென மதித்து, முற்றுப்புள்ளியைச் சிறிதெனத் தள்ளிவிடுகின்றோம். இதற்குக் காரணம் நம் தாய்மொழியின் அமைப்பே என்பது எமது கருத்து.

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று பெரும்பாலும் இறுதியில் நிற்கும். 'வந்தான்' என்று கேட்ட அளவிலே கருத்து முடிந்ததென அறிகின்றோம். ஆதலின் பண்டை ஏட்டுச் சுவடிகளின் உரைநடை, முடிவு காட்டும் புள்ளியின்றியே விளங்கிற்று. இன்று நாம் இடும் முற்றுப்புள்ளி ஐரோப்பிய அச்சு முறையைத் தழுவி வந்ததாகும். ஆங்கிலத்திலோ வினைமுற்று எழுவாயை அடுத்து நடுவே நிற்கும். இடமும் காலமும் காரணமும் அதன்பின் தொடரும். எங்கே முடிவு என்பதைப் புள்ளியே காட்டவேண்டும்.

ஓர் உதாரணம் காண்போம். 'ஹி டிட் நாட் கம் பிகாஸ் ஆஃப் தி ரெயின் வி ஸ்டேட் அட் ஹோம்.' இதில் 'கம்' என்பதன்பின் புள்ளியிட்டால், அவன் வரவில்லை, மழையினால் நாம் வீட்டில் தங்கினோம் என்று பொருள்படும். 'ரெயின்' என்பதன்பின் இட்டால், மழையினால் அவன் வரவில்லை, நாம் வீட்டில் தங்கினோம் என்றாகும். சொல் ஒன்றேனும் மாறவில்லை. மழை யாரைத் தடுத்தது என்பது மாறிவிட்டது. கடிதத்திலோ சாட்சியத்திலோ இவ்வேறுபாடு அற்பமன்று.

நம்மிடையே மிகுதியாய்க் காணப்படும் பிழைகள் இரண்டு. முதலாவது, இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியொன்றாற் பிணைப்பது. 'தி பெல் ராங், வி வென்ட் இன்டு தி ஹால்' என்பதில் இரண்டு எழுவாய்களும் இரண்டு முற்றுகளும் உள்ளன. இவற்றின் இடையே முற்றுப்புள்ளியேனும் அரைப்புள்ளியேனும் வேண்டும். அன்றேல் 'அண்ட்' போன்ற இணைப்புச்சொல் வேண்டும். இரண்டாவது, எச்சத்தை முற்றாகக் கொள்வது. 'ஹேவிங் ஃபினிஷ்டு தி வொர்க்' என்று எழுதிப் புள்ளியிடுதல், 'வேலையை முடித்து' என்று சொல்லி வாய் மூடுவதை ஒக்கும். தமிழில் அங்ஙனம் நிறுத்துவார் யார்? முற்றும் எச்சமும் அறிந்த தமிழ் மாணாக்கர்க்கு இவ்விடத்தில் நம் இலக்கணமே நற்றுணையாகும்.

வேறு சில விதிகளும் உள. பிறர் வினாவை நம் கூற்றாக மாற்றி உரைக்குமிடத்து வினாக்குறி வாராது; 'ஐ ஆஸ்க்டு வேர் ஹி வாஸ்' என்பது முற்றுப்புள்ளியே பெறும். சொற்குறுக்கத்திலும் புள்ளி உண்டு. 'புரொபெசர்' என்பதன் இறுதியை வெட்டிக் குறுக்கும்போது புள்ளியிடுவர். 'மிஸ்டர்', 'டாக்டர்' என்பவற்றின் குறுக்கத்தில் ஈற்றெழுத்து எஞ்சுவதால் பிரிட்டிஷார் இக்காலத்துப் பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை. இவ்வேறுபாட்டை பவுலர் 1926-இல் வெளியிட்ட தம் ஆங்கில வழக்கு நூலில் வற்புறுத்தினார். அமெரிக்கர் இரண்டிடத்தும் இடுவர். எம்முறையைக் கொள்ளினும் கட்டுரை முழுவதும் அதனையே கைக்கொள்க. புள்ளி பெற்ற குறுக்கம் வாக்கியத்தின் இறுதியில் வரின், அவ்வொரு புள்ளியே போதும்.

ஆதலின், எழுதி முடித்தபின் ஒவ்வொரு புள்ளியினிடத்தும் சற்று நின்று, இதற்குமுன் எழுவாயும் முற்றும் உளவோ, கருத்து நிறைந்ததோ என வினவுவோமாக. நாம் நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தினால், படிப்பவர் நம் கருத்தைத் தேடி அலைய நேராது.