பிரஷருக்கு மாத்திரையும் வேண்டும், நடையும் வேண்டும்



நமது உடல் அல்லாஹ் தந்த அமானத். தினமும் நோன்பு, இரவெல்லாம் வணக்கம் என்றிருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்த உரிமையை எப்படி நிறைவேற்றுவது என்பதே இந்த மாதப் பாடம்.

அளவை அறிவோம்

இதயம் சுருங்கும்போது இரத்தக் குழாயில் உண்டாகும் அழுத்தம் மேல் அளவு. விரியும்போது இருப்பது கீழ் அளவு. 120/80-க்குள் இருப்பது நல்லது. வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம். பலருக்குத் தலைவலியோ தலைசுற்றலோ இருக்காது. உலக அளவில் இந்த நோயுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம்மிடையே உள்ள மூன்று எண்ணங்கள்

1. "மாத்திரை போடுகிறேன், நடை எதற்கு?" தொடர்ந்து நடந்தால் இரத்தக் குழாய்கள் நன்கு விரிந்து கொடுக்கும், இதயத்தின் சுமை குறையும். மேல் அளவு சுமார் 5 முதல் 8 வரை இறங்கக்கூடும். நடையை நிறுத்தினால் அந்தப் பலனும் போய்விடும். "நடக்கிறேன், மாத்திரை வேண்டாம்" என்பது இதைவிட ஆபத்து. அளவு சரியாக இருப்பதற்கு மாத்திரையும் காரணம். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு எதுவும் வரலாம்.

2. "ஐவேளை தொழுகிறேனே, அது போதாதா?" தொழுகை இபாதத். அதன் அசைவுகள் மூட்டுகளுக்கு நல்லதுதான். ஆனால் அவை மென்மையானவை. வேக நடையின் வேலையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. பள்ளிவாசலுக்கு எடுத்து வைக்கும் ஒவ்வோர் எட்டுக்கும் நன்மை உண்டு என்று தெரிந்திருந்தும், இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கு பைக்கில் போகிறோம். முதலில் அதை மாற்றுவோம்.

3. "வீட்டு வேலையே போதும்." நம் பெண்களுக்கு ஓய்வில்லாத வேலை உண்டு. ஆனால் அடுப்படியில் மணிக்கணக்கில் நிற்பது களைப்பைத் தரும்; நடையின் பலனைத் தராது. மொட்டை மாடியிலோ, அக்கம்பக்கத்துப் பெண்களோடு சேர்ந்து தெருவிலோ நடக்கலாம். அந்த அரை மணி நேரத்தை ஒதுக்கிக் கொடுப்பது வீட்டு ஆண்களின் பொறுப்பு.

எப்படி நடப்பது?

வாரத்துக்கு 150 நிமிடம். அதாவது நாளைக்கு 30 நிமிடமாக 5 நாள். ஃபஜ்ருக்குப் பின் நல்ல நேரம். பழக்கமில்லாதவர்கள் 10 நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். ராகம் போட்டு பைத் ஓத மூச்சு போதக் கூடாது. அதுவே சரியான வேகம்.

அளவு 180/110-ஐத் தொட்டிருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல், முகம் கோணுதல், கை கால் மரத்துப் போதல் வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உள்ளதும் அந்தக் கணக்கில்தான். ரமலானில் மாத்திரையை ஸஹரிலா இஃப்தாரிலா எப்போது போடுவது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

வீட்டில் 30 வயதைக் கடந்த எல்லோருக்கும் அளவு பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அதைப் பெறுவதில் கூச்சம் வேண்டாம்.

நோய்க்கு மருந்து செய்துகொள்வது தவக்குலுக்கு மாறானதல்ல, அதுவும் நபிவழியே. அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக, ஆமீன்.