லப்டொப் சுடுது, கேம் இழுபடுது: புதுசு வாங்க முதல் ஒரு பாடம்



கோடை வந்தால் எங்கட போட்காஸ்டுக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "அண்ணா, கேம் தொடங்கிப் பத்து நிமிஷம் நல்லா ஓடுது. பிறகு எஃப்பிஎஸ் பாதியா விழுது. ஓவர்குளொக் பண்ணியும் சரிவரேல்லை. புது லப்டொப் எடுக்கட்டோ?"

அவசரப்படாதேங்கோ. ஒரு கேமிங் லப்டொப் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு யூரோ. எங்கட வீடுகளில் அது அப்பாவோ அம்மாவோ ரெஸ்டோரண்ட் குசினியில் நின்று, அல்லது விடிய நாலு மணிக்குத் துப்புரவு வேலைக்குப் போய் உழைச்ச காசு. அதைச் செலவழிக்க முதல் உள்ளுக்கு என்ன நடக்குது என்று விளங்கிக்கொள்ளுவம். எபிசோட்டில் வேகமாகச் சொன்ன கணக்கை இங்கே ஆறுதலாகப் பார்ப்பம்.

த்ரொட்லிங் ஒரு வருத்தமில்லை

ஒவ்வொரு சிப்புக்குள்ளும் வெப்பத்தை அளக்கிற சென்சர் இருக்கு. எல்லை வந்ததும் சிப் தானாகவே வேகத்தையும் வோல்டேஜையும் குறைக்கும். பெரும்பாலான இன்டெல் லப்டொப் சிப்புகளுக்கு அந்த எல்லை 100 டிகிரி. பல ரைசன்களுக்கு 95 அல்லது 100. பல என்விடியா லப்டொப் ஜிபியுகளுக்கு 87 அளவு. இதுதான் த்ரொட்லிங். சிப் எரியாமல் தப்புறது இதாலதான்.

இன்னொரு வகையும் இருக்கு. சூடு குறைவாக இருந்தாலும், இவ்வளவு வாட்டுக்கு மேல் போகாதே என்று கம்பெனி வைத்த வரம்பு. இரண்டுக்கும் மருந்து வேறு. அதால முதலில் எது என்று கண்டுபிடிக்க வேணும்.

ஓவர்குளொக் ஏன் கவிழ்க்குது?

சிப் தின்கிற மின்வலு, வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். வேகத்தை 10 வீதம் கூட்ட வோல்டேஜையும் 10 வீதம் கூட்ட வேண்டி வந்தால், 1.1 × 1.1 × 1.1 = 1.33. பத்து வீத வேகத்துக்கு 33 வீதம் கூடச் சூடு! டெஸ்க்டொப்பில் பெரிய கூலர் அதைத் தாங்கும். இரண்டு சென்ரிமீற்றர் தடிப்பான பெட்டிக்குள், சிபியுவும் ஜிபியுவும் ஒரே செப்புக் குழாய்களைப் பங்குபோடுற இடத்தில் தாங்காது. எல்லை தொட்டதும் கூட்டின வேகம் முழுக்கப் போய்விடும். சில நேரம் இருந்ததும் போகும்.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கோ. வேகம் அப்படியே இருக்க, வோல்டேஜ் மட்டும் 1.2 இலிருந்து 1.1 ஆகக் குறைந்தால், வலு 16 வீதம் குறையும்.

உலகமே பார்த்த உதாரணம் ஒன்று. அது கேமிங் லப்டொப் இல்லை, ஆனால் பாடம் ஒன்றுதான். 2018 ஜூலையில் அப்பிள் தன் 15 இஞ்சி மக்புக் ப்ரோவில் கோர் ஐ9-8950எச்கே சிப்பைப் போட்டது. கடைசியில் நிற்கிற "கே" என்றால் ஓவர்குளொக் செய்யத் திறந்துவிட்ட சிப். பெட்டியில் 4.8 கிகாஹெர்ட்ஸ் வரை என்று இருந்தது. யூடியூபர் டேவ் லீ நீளமான வீடியோ ஒன்றை எக்ஸ்போர்ட் செய்து பார்த்தார். வேகம் அடிப்படை 2.9 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே போனது. முந்தின வருஷத்து ஐ7 அதை முந்தியது. அதே லப்டொப்பை ஃபிரீசருக்குள் வைத்தபோது வேலை கெதியாக முடிந்தது. ஜூலை 24 அன்று அப்பிள் ஒரு மென்பொருள் அப்டேட் விட்டது: வெப்பத்தைக் கையாளும் ஃபேர்ம்வெயரில் ஒரு டிஜிட்டல் கீ விடுபட்டிருந்தது என்றார்கள். விசிறி மாறேல்லை, சிப் மாறேல்லை, நிர்வாகம்தான் மாறினது.

(நீங்கள் ஃபிரீசருக்குள் வைக்காதேங்கோ. வெளியே எடுத்ததும் உள்ளுக்கு ஈரம் படியும்.)

உங்கட அறையும் கூலரில் ஒரு பகுதி

விசிறி எவ்வளவு சுற்றினாலும் அறைக் காற்றைத்தான் உள்ளே இழுக்கும். பாரிஸில் பழைய கட்டடங்களின் கூரை துத்தநாகத் தகடு. லாசப்பல் பக்கம் மேல்மாடியில் இருக்கிற ஆக்களுக்கு அதன் அருமை தெரியும். 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி பதிவானது.

உதாரணத்துக்கு ஒரு லப்டொப். ஒவ்வொரு வாட்டுக்கும் சிப் 1 டிகிரி சூடாகுது, எல்லை 95 என்று வைப்பம்.

அறை 22 டிகிரி: 95 − 22 = 73 வாட் தாங்கும்.
அறை 35 டிகிரி: 95 − 35 = 60 வாட்.
அதே அறை, தூசி அடைத்து வாட்டுக்கு 1.3 டிகிரி: 60 ÷ 1.3 = 46 வாட்.

கேமுக்கு 70 வாட் வேணும் என்றால் மார்கழியில் ஓடினது ஆடியில் ஏன் ஓடேல்லை என்று இப்ப விளங்கும். ஓவர்குளொக் செய்தால் அதுக்கு 93 வாட் வேணும். தூசி தட்டி, வோல்டேஜைக் குறைத்தால் 59 வாட் போதும். 35 டிகிரி அறையிலும் முழு வேகம்!

செய்ய வேண்டியது, இந்த ஒழுங்கில்

1. அளவுங்கோ. எச்டபிள்யூஇன்ஃபோ இலவசம். சார்ஜரைப் போட்டு 20 நிமிஷம் கேம் விளையாடி, சூடு, வேகம், வாட் மூன்றையும் எழுதுங்கோ. எந்த வகை த்ரொட்லிங் என்றும் அதில் தெரியும். சூடு 80க்குக் கீழே இருந்தும் வேகம் விழுந்தால் பிழை வேறெங்கேயோ. சின்ன யூஎஸ்பி-சி சார்ஜர்கூடக் காரணமாக இருக்கலாம்.

2. ஓவர்குளொக்கை எடுத்துவிடுங்கோ. திரும்ப அளவுங்கோ.

3. காற்றுக்கு வழி விடுங்கோ. கட்டிலிலும் மெத்தையிலும் வைத்தால் அடியில் இருக்கிற துவாரம் அடைபடும். மேசையில் வைத்து, பின்பக்கத்தை இரண்டு சென்ரிமீற்றர் உயர்த்துங்கோ. இரண்டு மூடிகள் காணும், காசு தேவையில்லை.

4. தூசி தட்டுங்கோ. எங்கட வீடுகளில் பொரியல் எண்ணெய்ப் புகையும் சாம்பிராணியும் தூசியோடு சேர்ந்து ஒட்டிப்பிடிக்கும். லப்டொப்பை நிப்பாட்டி, பற்றரியைக் கழற்றி, விசிறி சுற்றாமல் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கோ. திறக்க முதல் வாங்கின திகதியைப் பாருங்கோ: பிரான்சில் கடையில் வாங்கின புதுப் பொருளுக்கு இரண்டு வருஷம் "கரன்தி லேகால்" உண்டு. கடையில் குடுக்கிறதென்றால் "தெபூஸ்யேராஜ்" என்று கேளுங்கோ.

5. வலுவைக் குறையுங்கோ. எஃப்பிஎஸ்ஸுக்கு 60 அல்லது 90 என்று வரம்பு வைக்கிறதுதான் லேசான வழி. ஜிபியு வோல்டேஜை எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னரில் குறைக்கலாம். சிபியுவுக்கு த்ரொட்டில்ஸ்டொப் அல்லது இன்டெல் எக்ஸ்டியு. ஆனால் 2019 டிசம்பரில் "ப்ளண்டர்வோல்ட்" என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு, பல லப்டொப்களில் பயோஸ் இதைப் பூட்டிவிட்டது. பூட்டியிருந்தால், விண்டோஸ் பவர் செட்டிங்கில் "எத்தா மக்சிமால் து ப்ரொசெசர்" என்ற வரி இருக்கா பாருங்கோ. 100ஐ 99 ஆக்கினால் டர்போ நிற்கும். பல கேம்களில் வித்தியாசம் பெரிசாகத் தெரியாது, மிச்சமாகிற சூடு ஜிபியுவுக்குப் போகும். வோல்டேஜ் குறைக்கிறவை 50 மில்லிவோல்டில் தொடங்குங்கோ. கிராஷ் ஆனால் கொஞ்சம் ஏற்றுங்கோ.

6. கடைசியாகத்தான் "பாத் தெர்மிக்". மூன்று, நாலு வருஷப் பழசென்றால் பேஸ்ட் காய்ந்திருக்கும், மாற்றினால் பலன் தெரியும். திரவ உலோகம் மட்டும் வேண்டாம். அது மின்சாரம் கடத்தும், அலுமினியத்தைத் தின்னும்.

ஒரு எச்சரிக்கை: ரச்பாட் மேலே எழும்பியிருந்தால், அடிப்பக்கம் வீங்கியிருந்தால் பற்றரி ஊதியிருக்கு. அதில் விளையாடவோ சார்ஜ் போடவோ வேண்டாம். உடனே கடைக்குக் கொண்டுபோங்கோ.

வீட்டுப்பாடம்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே கேம், அதே 20 நிமிஷம், அதே மூன்று எண்கள். முதல் நிமிஷ எஃப்பிஎஸ்ஸை எழுதாதேங்கோ, இருபதாவது நிமிஷத்தை எழுதுங்கோ. நாலாவது படி வரைக்கும் செலவு ஒரு காற்று டப்பாவின் விலைதான். ஆறும் முடிந்தும் சரிவராட்டில், அந்த எண்களோடு எங்களுக்கு எழுதுங்கோ. புதுசு வேணுமோ இல்லையோ என்று அப்ப சேர்ந்து பார்ப்பம்.

அடுத்த கிழமை சந்திப்பம்.